டெல்லியில் தலைவர்கள் உயிர்நீத்த இடங்களைப் பார்க்கப் போகிறீர்களா? முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காந்தி சுடப்பட்ட இடத்தில் ஒருமுறை நிற்க வேண்டும் என்பது அப்பாவின் நெடுநாள் ஆசை. எழுபது வயதைத் தாண்டிய பிறகுதான் அவரையும் அம்மாவையும் டெல்லிக்குக் கூட்டிப்போக முடிந்தது. இரண்டு இரவும் ஒரு பகலும் ரயிலில் உட்கார்ந்து போய் இறங்கினால், அன்றைக்குத் திங்கள்கிழமை. காந்தி ஸ்மிருதி பூட்டியிருந்தது. கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு அப்பா உள்ளே எட்டிப் பார்த்ததை என்னால் மறக்க முடியவில்லை. மறுநாள் பார்த்துவிட்டோம், ஆனால் ஒரு நாள் வீணானது, ஆட்டோவுக்குக் காசு போனது, அம்மாவுக்கு முழங்கால் வீங்கியது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

வரலாற்றுக்குள் நான் போகவில்லை. எப்படிப் போவது, எப்போது போவது, எவ்வளவு ஆகும் என்பது மட்டும்தான்.

1. முதலில் இடங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

உயிர் பிரிந்த இடம் வேறு, தகனம் நடந்த இடம் வேறு. பெரும்பாலான சுற்றுலாப் பேருந்துகள் ராஜ்காட்டில் இறக்கிவிட்டு "காந்தி முடிந்தது" என்று சொல்லிவிடும். ராஜ்காட் அவருக்கு எரியூட்டிய இடம். 1948 ஜனவரி 30 மாலை அவர் சுடப்பட்டது பிர்லா மாளிகைத் தோட்டத்தில். அதுதான் இன்றைய காந்தி ஸ்மிருதி. இரண்டுக்கும் இடையே பல கிலோமீட்டர் இருக்கிறது.

உயிர் பிரிந்த இடங்கள் இவை:

காந்தி: காந்தி ஸ்மிருதி, தீஸ் ஜனவரி மார்க்.
இந்திரா காந்தி: எண் 1, சஃப்தர்ஜங் சாலை (1984 அக்டோபர் 31). சுடப்பட்டது இங்கே, இறந்ததாக அறிவித்தது மருத்துவமனையில்.
நேரு: தீன் மூர்த்தி பவன் (1964 மே 27). இப்போது பிரதமர்கள் அருங்காட்சியக வளாகம்.
அம்பேத்கர்: எண் 26, அலிப்பூர் சாலை (1956 டிசம்பர் 6).

தகன இடங்கள் எல்லாம் யமுனைப் பக்கம் ரிங் ரோட்டை ஒட்டி ஒரே வரிசையில் வரும்: ராஜ்காட், நேருவின் சாந்திவனம், சாஸ்திரியின் விஜய் காட், இந்திராவின் சக்தி ஸ்தல், ராஜீவின் வீர் பூமி, வாஜ்பாயின் சதைவ் அடல். அம்பேத்கரின் தகனம் மும்பை தாதரில் நடந்தது என்பதால் அவருக்கு இங்கே சமாதி கிடையாது. சாஸ்திரி இறந்தது தாஷ்கண்டில்.

என் யோசனை: உயிர் பிரிந்த இடங்களை முதலில் பாருங்கள், சமாதிகளுக்கு மறுநாள் போங்கள். ஒரு பகலிலேயே இரண்டையும் முடிக்கப் பார்த்தால் எதையும் நின்று பார்க்க முடியாது.

2. கிழமையைப் பார்த்துத்தான் டிக்கெட் போட வேண்டும்

நான் தவறியது இங்கேதான். காந்தி ஸ்மிருதி, இந்திரா நினைவகம், பிரதமர்கள் அருங்காட்சியகம், அலிப்பூர் சாலை அம்பேத்கர் நினைவகம், ராஜ்காட் எதிரே இருக்கும் தேசிய காந்தி அருங்காட்சியகம் ஆகிய ஐந்தும் திங்கள்கிழமை மூடியிருக்கும். அரசு விடுமுறை நாட்களிலும் பெரும்பாலும் திறக்க மாட்டார்கள்.

சென்னை சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரவு 10 மணி வாக்கில் கிளம்பி, மூன்றாம் நாள் காலையில் புதுடெல்லி போய்ச் சேரும். சனி இரவு ஏறினால் திங்கள் காலையில் இறங்குவீர்கள். வேண்டவே வேண்டாம். ஞாயிறு இரவு ஏறுங்கள், செவ்வாய் காலை இறங்கலாம். முழுதாக ஐந்து நாட்கள் கையில் இருக்கும்.

மாதம் என்றால் பிப்ரவரியும் மார்ச் முதல் பாதியும்தான் சுகம். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் பனிமூட்டத்தால் வட இந்திய ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். நவம்பரில் காற்று மாசு கடுமையாக இருக்கும், மூச்சுத் தொந்தரவு உள்ள பெரியவர்களைக் கூட்டிப்போகாதீர்கள். மே, ஜூனில் வெயில் 45 டிகிரியைத் தொடும்.

இன்னொரு பொறி, நினைவு நாட்கள். ஜனவரி 30 அன்றே காந்தி ஸ்மிருதியில் நிற்க வேண்டும் என்ற ஆசை யாருக்கும் வரும். ஆனால் அன்று பெரிய ஆட்கள் வருவதால் பாதுகாப்பு நெருக்கடி அதிகம். அக்டோபர் 2, அக்டோபர் 31, குடியரசு தினத்தை ஒட்டிய நாட்கள் எல்லாம் அப்படித்தான். அமைதியாகப் பார்க்க நினைப்பவர்கள் சாதாரணப் புதன், வியாழனில் போங்கள்.

3. ரயில் டிக்கெட்: பெரியவர்களோடு போகிறவர்கள் கவனிக்க

முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்னால், காலை 8 மணிக்குத் திறக்கும். முன்பு 120 நாளாக இருந்தது, 2024 நவம்பரில் மாற்றிவிட்டார்கள். பழைய நினைப்பில் இருக்காதீர்கள்.

ஸ்லீப்பர் கட்டணம் ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். மூன்றடுக்கு ஏசிக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் ஆகும். மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சோடு நின்றுபோனது, அதனால் அவர்களுக்கும் முழுக் கட்டணம்தான்.

கீழ்ப்படுக்கைக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. ஆண்களுக்கு 60 வயது, பெண்களுக்கு 45 வயது ஆகியிருந்தால் அதில் போடலாம். ஆனால் ஒரு டிக்கெட்டில் அதிகபட்சம் இரண்டு பேர்தான், இரண்டு பேருமே அந்த வயதில் இருக்க வேண்டும். நான் இது தெரியாமல் மூன்று பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டுவிட்டேன். அப்பாவுக்கு மேல்படுக்கை விழுந்தது. எதிர் இருக்கைப் பையனிடம் கேட்டுத்தான் மாற்றிக்கொண்டோம், எல்லா நேரமும் அப்படி நல்ல பிள்ளை அமையாது. பெற்றோர் இருவருக்கும் தனி டிக்கெட், உங்களுக்குத் தனி டிக்கெட் என்று போடுங்கள்.

தட்கல் என்றால் முந்தைய நாள் காலை 10 மணிக்கு ஏசி, 11 மணிக்கு ஸ்லீப்பர். இணையத்தில் தட்கல் எடுக்க ரயில் முன்பதிவுத் தளமான ஐஆர்சிடிசியில் உள்ள உங்கள் கணக்கை ஆதாரோடு சரிபார்த்திருக்க வேண்டும். இதைக் கடைசி நிமிடத்தில் செய்யப் போனால் ஓடிபி வருவதற்குள் இடம் போய்விடும். ஒரு வாரம் முன்னாடியே முடித்துவிடுங்கள்.

மதுரைப் பக்கம் இருப்பவர்களுக்குச் சம்பர்க் கிராந்தி இருக்கிறது. அது ஹஸ்ரத் நிஜாமுதீன் நிலையத்தோடு நின்றுவிடும், புதுடெல்லிக்குப் போகாது. விடுதி போடும்போது இதை மனதில் வையுங்கள்.

4. கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஆதாரின் அசல் போதும். ரயிலிலும் விடுதியிலும் கேட்பார்கள். விடுதியில் கொடுக்க ஆளுக்கு இரண்டு நகல் எடுத்துப் போங்கள்.

இலங்கையிலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ வருகிற தமிழர்களுக்கு வேலை கொஞ்சம் அதிகம். இ-விசா எடுப்பதாக இருந்தால் பயணத்துக்குக் குறைந்தது நான்கு நாள் முன்னால் விண்ணப்பிக்க வேண்டும். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கம் வெறுமையாக இருக்க வேண்டும். தேடுபொறியில் முதலில் வருகிற தளங்கள் பல தரகர்களுடையவை, இரண்டு மடங்கு, மூன்று மடங்கு பணம் கறந்துவிடுவார்கள். அரசுத் தளத்தின் முகவரி 'கவ் டாட் இன்' என்று முடியும். அதைப் பார்த்த பிறகுதான் அட்டை எண்ணைக் கொடுக்க வேண்டும். அனுமதிக் கடிதத்தைத் தாளில் அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர்களைத் தங்கவைத்தால் விடுதிக்காரர் அவர்கள் விவரத்தை அரசிடம் பதிய வேண்டும். சின்ன விடுதிகள் பலவும் அந்தத் தொல்லை வேண்டாம் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். அறை போடுவதற்கு முன் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

5. இறங்கிய அரை மணி நேரம்

புதுடெல்லி நிலையத்துக்கு இரண்டு வாசல். ஒன்றாம் நடைமேடைப் பக்கம் பஹாட்கஞ்ச், 16ஆம் நடைமேடைப் பக்கம் அஜ்மேரி கேட். மெட்ரோ அஜ்மேரி கேட் பக்கம்.

பஹாட்கஞ்ச் பக்கம் வெளியே வந்தால் நல்ல சட்டை போட்ட ஆள் ஒருவர் வந்து, "உங்கள் ஓட்டல் இருக்கும் தெருவில் கலவரம், வழி அடைத்துவிட்டார்கள்" என்பார். அல்லது "சுற்றுலா அலுவலகம் இடம் மாறிவிட்டது, நான் கூட்டிப்போகிறேன்" என்பார். நம்ப வேண்டாம். எங்கேயோ ஒரு பயண நிறுவனத்தில் உட்கார வைத்து, வேண்டாத காரையும் அறையையும் தலையில் கட்டிவிடுவார்கள். பதில் சொல்லாமல் நடந்துகொண்டே இருங்கள்.

ஆட்டோ மீட்டர் கணக்கு முதல் 1.5 கிலோமீட்டருக்கு 30 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 11 ரூபாய். மீட்டர் போட யாரும் அவ்வளவு சீக்கிரம் சம்மதிப்பதில்லை. செயலியில் பதிவு செய்வது நிம்மதி. மெட்ரோ கட்டணம் குறைந்தது 11 ரூபாய், நகருக்குள் சுற்றுவதற்கு ஒரு பயணம் பெரும்பாலும் 32 ரூபாயைத் தாண்டாது. ஆளுக்கு ஒரு மெட்ரோ அட்டை வாங்கிவிட்டால் வரிசையில் நிற்கிற வேலை மிச்சம்.

6. முதல் நாள் காலை: சஃப்தர்ஜங் சாலை

மஞ்சள் வழித்தட மெட்ரோவில் லோக் கல்யாண் மார்க் நிலையத்தில் இறங்குங்கள். இந்திரா நினைவகம் காலை 9.30க்குத் திறக்கும். திறக்கும்போதே வாசலில் நிற்க வேண்டும். பத்தரைக்கு மேல் பள்ளிப் பேருந்துகளும் சுற்றுலாப் பேருந்துகளும் வந்துவிடும், அதன்பிறகு கூட்டம் உங்களைத் தள்ளிக்கொண்டே போகும். நுழைவுக்கட்டணம் இல்லை.

உள்ளே அவர் கடைசியாக உடுத்தியிருந்த புடவை, குண்டு துளைத்த ஓட்டைகளோடு இருக்கிறது. பக்கத்தில் கைப்பையும் செருப்பும். அதற்கப்புறம் வரும் ஒரு கண்ணாடிப் பெட்டி தமிழ்நாட்டுக்காரர்கள் தவறவிடக் கூடாதது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி அணிந்திருந்த உடையில் மிஞ்சியதும் அவர் காலணியும் அங்கேதான் இருக்கின்றன. நம்மில் பலர் ஸ்ரீபெரும்புதூர் நினைவிடத்தைப் பேருந்து ஜன்னலில் பார்த்தபடி கடந்து போயிருப்போம். கருகிய அந்தத் துணியைப் பார்த்ததும் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அன்றிரவு வானொலியில் கேட்ட செய்தியைப் பற்றி வெளியே வந்த பிறகும் பேசிக்கொண்டே இருந்தார்.

தோட்டத்துப் பாதைதான் கடைசி. வீட்டிலிருந்து பக்கத்து அக்பர் சாலை அலுவலகத்துக்கு இந்திரா நடந்த வழியைப் படிகக் கண்ணாடியால் மூடிவைத்திருக்கிறார்கள். விழுந்த இடத்தில் மட்டும் கண்ணாடி தெளிவாக இருக்கும். வெளியேறும் அவசரத்தில் நிறைய பேர் இதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். மொத்தம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

7. அங்கிருந்து காந்தி ஸ்மிருதி

ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும். நடக்க முடிந்தால் மரநிழலில் நடக்கலாம், முடியாவிட்டால் ஆட்டோ.

ஆட்டோவில் ஏறும்போது "பிர்லா ஹவுஸ்" என்று சொல்லாதீர்கள். பிர்லா மந்திர், அதாவது லட்சுமி நாராயணர் கோயில் வாசலில் இறக்கிவிடுவார்கள். "காந்தி சமாதி" என்றால் ராஜ்காட். "காந்தி தர்ஷன்" என்று இன்னொரு இடமும் ராஜ்காட் பக்கம் இருக்கிறது. எங்களுக்குக் கோயிலும் ராஜ்காட்டும் இரண்டுமே நடந்தது. "தீஸ் ஜன்வரி மார்க்" என்று சாலைப் பெயரைச் சொல்லுங்கள். முப்பது ஜனவரி சாலை என்று அர்த்தம். கைப்பேசி வரைபடத்தையும் காட்டிவிடுங்கள்.

நேரம் காலை 10 முதல் மாலை 5 வரை. கட்டணம் இல்லை. இங்கே குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும், மற்ற எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள். தன் கடைசி 144 நாட்களைக் காந்தி இந்த வீட்டில்தான் கழித்தார். அவர் அறையில் தரையோடு ஒரு மெத்தை, கைத்தடி, கண்ணாடி, செருப்பு, சோப்புக்குப் பதிலாகத் தேய்த்துக் குளித்த சொரசொரப்பான ஒரு கல். அவ்வளவுதான் சொத்து.

அறையிலிருந்து பிரார்த்தனைத் திடலுக்கு அவர் நடந்த பாதையில் காலடித் தடங்களை வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். பாதத்தின் அளவும் ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியும் சின்னதாக இருக்கும். அப்பா தடங்களின் மேல் கால் படாமல், பக்கத்துப் புல்லில் அதே வேகத்தில் நடந்தார். படியேறி, திரும்பி, நினைவுத் தூணுக்கு முன்னால் தடம் நின்றுபோகிறது. அடுத்த அடி இல்லை. அப்பா அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நான் பேசவில்லை.

மேல்தளத்தில் கணினி, ஒளிப்படக் காட்சிக்கூடம் இருக்கிறது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அது உதவும். பெரியவர்கள் படியேற வேண்டாம், தோட்டமும் அறையும் போதும்.

பிற்பகலில் தெம்பு இருந்தால் தீன் மூர்த்தி வளாகம் பக்கத்தில்தான். இந்தப் பட்டியலில் நுழைவுச்சீட்டு வாங்க வேண்டிய இடம் அது, இணையத்திலும் எடுக்கலாம். புதிய அருங்காட்சியகம் மிகப் பெரியது, முழுதாகப் பார்க்கப் போனால் அரை நாள் ஓடிவிடும். எங்களைப் போலப் பெரியவர்களோடு போனால் நேரு வாழ்ந்த பழைய வீட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

8. இரண்டாம் நாள்: ராஜ்காட் வரிசை

ஊதா வழித்தடத்தில் டெல்லி கேட் நிலையம். அங்கிருந்து ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். சமாதிக்குப் பக்கத்தில் செருப்போடு போக முடியாது, வெயில் ஏறிய பிறகு கல் தளம் காலைச் சுடும். பெரியவர்களுக்குப் பருத்திக் காலுறை ஒரு ஜோடி பையில் போட்டுக்கொள்ளுங்கள். கறுப்புக் கல் மேடையில் 'ஹே ராம்' என்று பொறித்திருக்கும். வெள்ளிக்கிழமை மாலையில் போக முடிந்தால் பிரார்த்தனையிலும் உட்காரலாம்.

வெளிநாட்டுத் தலைவர் யாராவது டெல்லிக்கு வந்திருந்தால் மலர் வளையம் வைக்க இங்கே வருவார்கள். அன்று காலையில் சில மணி நேரம் நம்மை விட மாட்டார்கள். முந்தைய இரவு செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

எதிரே தேசிய காந்தி அருங்காட்சியகம். காந்தியின் உயிரைப் பறித்த குண்டுகளில் ஒன்று இங்கே இருக்கிறது. மதுரை காந்தி அருங்காட்சியகத்தில் காந்தியின் இரத்தக்கறை படிந்த துணியைப் பார்த்தவர்கள் இதையும் பார்க்காமல் வராதீர்கள். ஒன்பதரை வாக்கில் திறப்பார்கள், ராஜ்காட் முடித்து வர நேரம் சரியாக இருக்கும்.

மற்ற சமாதிகளுக்கு நடந்து போக நினைக்காதீர்கள். வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் தெரியும், நிஜத்தில் ஒவ்வொரு வளாகமும் ஏக்கர் கணக்கில் விரிந்துகிடக்கிறது. ரிங் ரோட்டில் வண்டிகள் நிற்காமல் பறக்கும், ஆட்டோ பிடிப்பதும் கஷ்டம். ராஜ்காட் வாசலிலேயே ஓர் ஆட்டோவைக் காத்திருப்போடு சேர்த்துப் பேசிவிடுங்கள். நாங்கள் இரண்டு மணி நேரத்துக்கு 400 ரூபாய் கொடுத்தோம். சக்தி ஸ்தலில் ஒற்றைப் பெருங்கல் நிற்பதையும் வீர் பூமியையும் மட்டும் பார்த்தால்கூடப் போதும்.

9. அலிப்பூர் சாலையை விட்டுவிடாதீர்கள்

சுற்றுலாப் பேருந்துகள் இங்கே வருவதில்லை, அதனாலேயே தனியாக எழுதுகிறேன். மஞ்சள் வழித்தடத்தில் சிவில் லைன்ஸ் நிலையம், அங்கிருந்து ஆட்டோ. அம்பேத்கர் உயிர்நீத்த இடத்தில், விரித்த புத்தக வடிவத்தில் 2018இல் புதுக் கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள். நாங்கள் போன பிற்பகலில் கூட்டமே இல்லை. நிதானமாகப் படித்துப் பார்க்க ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 6 அன்று பெரும் கூட்டம் வரும்.

10. திங்கள் தப்ப முடியாமல் மாட்டிக்கொண்டால்

பயணத்தில் ஒரு திங்கள் வந்தே தீரும் என்றால் அன்றைக்கு முகலாய மன்னர் ஹுமாயூனை வைத்துக்கொள்ளுங்கள். புராணா கிலா என்ற பழைய கோட்டைக்குள் ஷேர் மண்டல் என்ற எண்கோணக் கட்டடம் இருக்கிறது. 1556இல் அதன் படிகளில் தவறி விழுந்துதான் அவர் இறந்தார். கல்லறை நிஜாமுதீன் பக்கம். இரண்டும் தொல்லியல் துறையிடம் இருக்கின்றன, திங்களிலும் திறந்திருக்கும். கல்லறைக்கு நுழைவுக்கட்டணம் இந்தியர்களுக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குச் சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவர் என்ற முறையில் இந்தியக் கட்டணம்தான், ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளியினருக்கான) அட்டைக்காரர்களுக்கும் அப்படியே. ஆனால் அசலைக் காட்ட வேண்டும். கவுன்ட்டரில் முதலிலேயே சொல்லிக் கேளுங்கள், சீட்டு கிழித்த பிறகு மாற்றுவது சிரமம்.

11. மொத்தச் செலவும் திரும்பும் நாளும்

மூன்று பேர், மூன்று இரவு, எங்கள் கணக்கு இது. ரயில் போக வர மூன்றடுக்கு ஏசி 13,000 ரூபாயைத் தாண்டியது. அறை இரவுக்கு 1,900 வீதம் 5,700. சாப்பாடு சுமார் 5,000. மெட்ரோ, ஆட்டோ எல்லாம் சேர்த்து 2,300, இதில் முதல் நாள் வீண் அலைச்சல் மட்டும் 600 ரூபாய். ஸ்லீப்பரில் போனால் ஏழாயிரம் வரை மிச்சமாகும், பெரியவர்கள் இருந்தால் நான் அதைச் சொல்ல மாட்டேன்.

திரும்பும் ரயில் இரவில்தான். மதியமே அறையைக் காலி செய்ய வேண்டியிருக்கும். நிலையத்துப் பொருள் வைப்பறையில் பெட்டியை விடலாம், ஆனால் பூட்டு போடாத பெட்டியை வாங்க மாட்டார்கள். ரயில் டிக்கெட்டும் அடையாள அட்டையும் காட்ட வேண்டும். ஊரிலிருந்தே பெட்டிக்கு ஒன்றாகச் சின்னப் பூட்டு எடுத்துப் போங்கள், நிலைய வாசலில் அதே பூட்டுக்கு மூன்று மடங்கு விலை சொல்கிறார்கள்.

மெட்ரோவில் வந்தால் அஜ்மேரி கேட் பக்கம்தான் நுழைவீர்கள். உங்கள் வண்டி முதல் சில நடைமேடைகளில் ஒன்றில் நின்றால், பாலம் ஏறி முழு நிலையத்தையும் கடக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இதற்கே அரை மணி நேரம் பிடிக்கும். ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், பலகையில் நடைமேடை எண்ணைப் பார்த்த பிறகு பெரியவர்களை எழுப்பி நடத்துங்கள்.